ஒப்பிடுதலும் ஒருதலைப் பற்றும்

இரு பொருள்களை எதிரெதிரே வைத்து, "இதனினும் அது நன்று" என்று தீர்ப்புக் கூறாத நாள் நம் வாழ்வில் ஒன்றேனும் உண்டோ? கடையில் அரிசி வாங்கும்போதும் ஒப்பிடுகிறோம். பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போதும் ஒப்பிடுகிறோம். மருமகள்கள் இருவர் இருப்பின், வாய் திறவாமலே மனத்துள் ஒப்பிடுகிறோம். ஒப்பிடுதல் குற்றமன்று, அறிவு வளர்வதே அதனால்தான். ஆனால் தராசைப் பிடித்திருக்கும் கையே ஒரு தட்டை மெல்ல அழுத்திவிட்டு, "அது தானாகத் தாழ்ந்தது" என்று கூறுமாயின் அது பொய். பிறரை ஏமாற்றுவதற்கு முன் நம்மையே ஏமாற்றிவிடும் பொய்.

இக்குற்றத்தை நான் அண்மையில் செய்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு மதிப்பெண் இட்டவள், நடுநிலை தவறாதவள் என்று பெயர் பெற்றவள், எழுபது வயதைக் கடந்தபின் செய்தேன். அதுவும் எனக்கு இலாபமோ நட்டமோ சிறிதும் இல்லாத ஒரு செய்தியில் செய்தேன். வாசக அன்பர்களுக்கு அது பயன்படுமென்று கருதியே இங்கு எழுதுகிறேன்.

கணினிக்குள் ஓர் ஆட்சி

கணினியை இயக்கியவுடன் முதலில் விழித்தெழுந்து, திரை, விசைப்பலகை, நினைவகம், அச்சுப்பொறி ஆகிய அனைத்தையும் தன் ஆணைக்குள் வைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். இவற்றுள் மூன்று பெரும்பாலோர் அறிந்தவை. ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டோஷ் 1984ஆம் ஆண்டிலும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 1985ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். அதனை யாரும் விலையின்றிப் பெறலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். உலகெங்குமுள்ள வல்லுநர் பலர் சேர்ந்து அதனை வளர்த்து வருகின்றனர்.

இம்மூன்றிற்கும் அன்பர் கூட்டங்கள் உண்டு. தம்முடையதே சிறந்தது, மற்றவை குப்பை என்று அவர்கள் வாதிடுவதைக் கேட்டால், தேர்தல் காலத்துத் தெருமுனைக் கூட்டம் நினைவுக்கு வரும். இரும்பும் மின்சாரமும் சேர்ந்த ஒரு கருவியின்பால் மனிதர்க்கு இத்துணைப் பற்றா என்று நானும் நகைத்ததுண்டு. என் முறை வரும்வரை நகைத்தேன்.

என் பிழை

எங்கள் ஊரில் அறக்கட்டளை ஒன்று மாலை நேரப் பாட நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. அங்கே ஏறத்தாழப் பத்தாண்டுப் பழமையான ஆறு கணினிகள் உள்ளன. அவற்றில் இருந்தது விண்டோஸ் 10. அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுவிடும் என்று அந்நிறுவனம் அறிவித்திருந்தது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, புதிய வகைப் பிராசசரையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கிறது. எங்கள் பழைய கணினிகளில் அவை இல்லை. ஆறு கணினிகளையும் புதிதாக வாங்குவதா, அல்லது இருப்பவற்றிலேயே லினக்ஸை நிறுவுவதா என்பது 2025ஆம் ஆண்டின் நடுவில் எங்கள் முன் எழுந்த வினா. வறிய பிள்ளைகளுக்கென்று திரட்டிய நன்கொடைப் பணம் அது. "டீச்சர் நடுநிலையாக ஆராய்ந்து சொல்லட்டும்" என்று குழுவினர் அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர்.

பொறியியல் பயிலும் என் பேரன் தன் புதிய மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருந்தான். அதில் தமிழ் தட்டச்சுச் செய்து பழகியவள் நான். அதனினும் மேலாக, கட்டணமின்றிக் கல்வியைப் பகிர்ந்துகொள்ளும் அதன் இயல்பு என் மனத்தைக் கவர்ந்திருந்தது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபில் வந்தவளுக்கு, அறிவைப் பூட்டி வைக்காத ஒன்றின்மீது அன்பு பிறப்பது இயல்பே. பற்று நல்ல காரணத்தால் பிறந்தது. ஆகவே அது பற்று என்றே எனக்குத் தோன்றவில்லை. தன்னலத்தால் வரும் சார்பைக் கண்டுபிடிப்பது எளிது. நற்பண்பின் ஆடை உடுத்தி வரும் சார்பை நாம் வாயிலிலேயே வரவேற்று அமர வைத்துவிடுகிறோம்.

பேரனின் மடிக்கணினி இயங்கத் தொடங்க 20 வினாடி ஆயிற்று. நிலையத்துக் கணினி இரண்டு நிமிடங்களுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. விலை, வேகம், பாதுகாப்பு, தமிழ் வசதி, எளிமை என்று ஐந்து தலைப்பிட்டு அட்டவணை ஒன்று வரைந்தேன். ஐந்திலும் லினக்ஸுக்கே முதலிடம். தமிழ்க் கட்டுரைத் தாளுக்கு எந்த மாணவிக்கும் நூற்றுக்கு நூறு இட்டிராத நான், இந்த அட்டவணையைக் கண்டு ஐயுற்றிருக்க வேண்டும். ஐயுறவில்லை.

கூட்டத்தில் அதனை வாசித்தேன். நிலையத்தின் கணக்கர், என் மகன் வயதினர், தயக்கத்துடன் எழுந்தார். "டீச்சர், லினக்ஸை நீங்கள் பார்த்தது புது லேப்டாப்பில், விண்டோஸைப் பார்த்தது நம் பழைய கம்ப்யூட்டரில். இரண்டையும் ஒரே மெஷினில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சினம் வந்தது. அவர் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் பழகியவர். அது விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. தம் வசதிக்காகவே பேசுகிறார் என்று முடிவு செய்தேன். "பழகியதை விட உங்களுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்" என்றேன். சிலர் சிரித்தனர். அவர் அமர்ந்துவிட்டார். என் அட்டவணை நிறைவேறியது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் உள்நோக்கம் எதுவாயினும் ஆகட்டும். அவர் வினாவுக்கு நான் விடை கூறினேனா?

பயிற்சிப் பள்ளியில் கற்றது

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் ஒரு சோதனை செய்தார். ஒரே கட்டுரையை அழகிய கையெழுத்தில் ஒன்றும், கோணல் கையெழுத்தில் ஒன்றுமாக இரு படிகள் எழுதுவித்து, வகுப்பின் ஒரு பாதிக்கு ஒன்றையும் மறுபாதிக்கு மற்றொன்றையும் கொடுத்து மதிப்பெண் இடச் சொன்னார். பொருளும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆயினும் அழகிய கையெழுத்துக்கு மதிப்பெண் மிகுதியாயிற்று. "கையெழுத்தை நான் பார்க்கவேயில்லை" என்று எல்லாரும் மனமறிந்து உண்மையாகவே கூறினோம். சார்பு என்பது நாம் அறிந்து செய்வது மட்டுமன்று. அறியாமல் செய்வதே மிகுதி என்று அன்று உணர்ந்தோம்.

ஒரு பண்பு நன்றாயிருப்பின் பிற பண்புகளும் நன்றாகவே தோன்றுவதை ஒளிவட்ட விளைவு என்று உளநூலார் கூறுவர். தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1920இல் இதனை விளக்கினார். அதற்கு முன்பே, 1913இல், அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே வடிவகணித விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். கணக்குத் தாளில் கருத்து வேறுபாட்டிற்கு இடமேது என்போம். வந்த மதிப்பெண்களோ 30க்கும் கீழே தொடங்கி 90க்கும் மேலே வரை பரவியிருந்தன.

இதனால்தான் விடைத்தாளைத் திறக்கும் முன்பே விடைக்குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாணவர் பெயரை மறைத்துவிடுங்கள் என்று எங்களுக்குக் கற்பித்தனர். நானோ லினக்ஸுக்கு மதிப்பெண் இட்டபின், அதற்கேற்ற தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கு எழுதும் வசதி என்ற ஆறாம் தலைப்பு என் அட்டவணையில் ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்கும் விளங்கும்.

1999ஆம் ஆண்டின் சோதனை

உறக்கமற்ற அவ்விரவுக்குப் பின் என் பேரனிடம் நடந்ததைக் கூறினேன். கணினி உலகின் பழைய வழக்கொன்றை அவன் எனக்கு எடுத்துரைத்தான். நானும் அதனைத் தேடிப் படித்தேன்.

1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்னும் சோதனை நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விண்டோஸ் என்.டி. 4.0, லினக்ஸ் ஆகிய இரண்டையும் பலருக்கு ஒருசேரப் பணிபுரியும் சர்வர் கணினியில் ஒப்பிட்டதாகவும், கோப்புகளை வழங்குவதில் விண்டோஸ் 2.5 மடங்கும், வலைப்பக்கங்களை வழங்குவதில் 3.7 மடங்கும் விரைவானது என்றும் அதில் கூறியிருந்தது. அச்சோதனைக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். லினக்ஸ் அன்பர்கள் கொதித்தெழுந்தனர். விண்டோஸைச் செவ்வனே சீரமைத்து, லினக்ஸை அவ்வாறு சீரமைக்காமல் விட்டனர். 4 ஜிகாபைட் நினைவகத்தில் லினக்ஸ் 960 மெகாபைட் அளவையே பயன்படுத்தியது. நான்கு பிராசசர்களும் நான்கு நெட்வொர்க் கார்டுகளும் பூட்டிய அக்கணினி அமைப்பே விண்டோஸுக்குச் சாதகமானது என்றெல்லாம் குறை கூறினர். குறைகளில் பல நியாயமானவை. அதே ஆண்டில் சி.டி. என்னும் ஜெர்மானியக் கணினி இதழ் செய்த வேறொரு சோதனையில், ஒரே நெட்வொர்க் கார்டுடன், அன்றாட வேலைக்கு நெருங்கிய நிலையில், லினக்ஸ் நன்றாகவே நின்றது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், பணம் வாங்கியவர் பொய் சொன்னார் என்னும் எளிய நீதியுடன் நாம் எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை. 1999 ஜூனில் லினக்ஸ் வல்லுநர்களையே உடனிருத்தி, அவர்கள் விரும்பியவாறு சீரமைக்கச் செய்து, சோதனையை மீண்டும் நடத்தினர். அப்போதும் விண்டோஸே முந்தியது! பல பிராசசர்கள் இருந்தபோதிலும் நெட்வொர்க் பணியை அவற்றிடையே பகிர்ந்து செய்ய அன்றைய லினக்ஸால் இயலவில்லை என்பது தெளிவாயிற்று. சோதித்தவரின் நோக்கம் ஒருதலையானது. சோதனையின் களம் ஒருதலையானது. ஆயினும் அது சுட்டிய குறை மெய்.

லினக்ஸை ஆக்கியோர் அதன்பின் செய்ததே நான் போற்றுவது. நோக்கத்தைப் பழிப்பதோடு நில்லாமல் குறையைத் திருத்தினர். 2000ஆம் ஆண்டில் லினக்ஸில் இயங்கிய டக்ஸ் என்னும் புதிய மென்பொருள், ஸ்பெக்வெப்99 என்னும் பொதுச் சோதனையில் விண்டோஸை விஞ்சியது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 பதிப்பு பழைய தடையைப் பெரிதும் நீக்கியது. வலைப்பக்கம் வழங்கும் பணியை இயங்குதளத்தின் உட்கருவிலேயே செய்யும் அத்தகைய உத்தி விண்டோஸ் சர்வர் 2003இலும் இடம்பெற்றது. பகைவர் என்று நின்ற இருவரும் உண்மையில் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர்.

எங்கள் கணக்கர் சுட்டிய குறையை நான் ஏற்காததற்குக் காரணம் அவர் நோக்கத்தின்மேல் நான் கொண்ட ஐயம். நோக்கத்தை ஐயுறுவது குற்றமன்று. யார் பணம் கொடுத்தார், யார்க்குப் பயன் என்று கேட்பது விழிப்புணர்வே. ஆனால் அவ்வையம் "நன்கு சோதித்துப் பார்" என்றுதான் நமக்குச் சொல்ல வேண்டும். "சோதிக்கவே வேண்டாம்" என்று சொல்லலாகாது.

இரு விளம்பரங்கள்

2004ஆம் ஆண்டில், லினக்ஸ் விண்டோஸைக் காட்டிலும் பத்து மடங்கு செலவுடையது என்னும் பொருள்பட மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் வெளியிட்டது. லினக்ஸை அவர்கள் ஓட்டியது ஐ.பி.எம். நிறுவனத்தின் மிக விலையுயர்ந்த மெயின்ஃப்ரேம் பெருங்கணினியில். விண்டோஸை ஓட்டியது இரண்டு பிராசசர் கொண்ட சாதாரணக் கணினியில். விலை வேறுபாடு பெரிதும் பெட்டியினுடையது. பழி லினக்ஸின் மேல். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதனைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று தீர்ப்பளித்தது.

இவ்விடத்தில் நான் நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. இதுவரை கூறிய இரு கதைகளிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரே நிறுவனம். நடுநிலை பற்றிய கட்டுரையிலேயே என் கை தட்டை அழுத்துகிறதோ? ஆகவே மற்றொன்றையும் கூறுகிறேன். 2003இல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 கணினியே உலகின் மிக விரைவான தனியாள் கணினி என்று விளம்பரம் செய்தது. சில சோதனைகளில் அது முந்தியது உண்மை. எல்லாச் சோதனைகளிலும் முந்தவில்லை. பார்வையாளர் முறையீட்டின்பேரில் பிரிட்டனின் தொலைக்காட்சி ஆணையம் அவ்விளம்பரத்தையும் தடுத்தது. மூன்றாவதாக, லினக்ஸ் தரப்பில் புது மடிக்கணினியையும் பழைய கணினியையும் ஒப்பிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியை முன்பே உங்களுக்கு அறிமுகம் செய்துள்ளேன். எத்தரப்பும் இப்பிழைக்குத் தனியுரிமை கொண்டாட முடியாது.

நயமும் துர்நயமும்

நம் ஆசாரியர்கள் ஒரு பொருளை ஒரு கோணத்தில் நோக்கிக் கூறும் கூற்றை நயம் என்றனர். பிற கோணங்களை மறுக்காதவரை அது நயம்; "இக்கோணம் ஒன்றே மெய், பிற யாவும் பொய்" என்னும்போது அதுவே துர்நயம். "நான்கு கார்டு பூட்டிய கணினியில் விண்டோஸ் விரைவானது" என்பது நயம். "விண்டோஸே விரைவானது" என்பது துர்நயம். "பழைய கணினியைத் தூக்கி எறியாமல் காக்க லினக்ஸ் உதவும்" என்பது நயம். "ஐந்து தலைப்பிலும் லினக்ஸே" என்பது துர்நயம். சியாத் என்னும் சிறு சொல்லை "இருக்கலாம்" என்னும் ஐயச் சொல்லாகப் பலர் கருதுகின்றனர். அது ஐயமன்று. "இன்ன நோக்கில், இன்ன நிலையில்" என்று எல்லை வகுக்கும் சொல். எல்லை வகுத்தபின் கூற்று உறுதியானது.

மற்றொரு தவறான கருத்தையும் நீக்க வேண்டும். "அதுவும் நன்று, இதுவும் நன்று, சண்டை எதற்கு?" என்று நழுவுவதே அநேகாந்தம் என்று சிலர் எண்ணுகின்றனர். விடைத்தாள் அனைத்திற்கும் ஐம்பது மதிப்பெண் இடும் ஆசிரியர் நடுநிலையாளர் அல்லர். படித்த பிள்ளைக்கு அநீதி செய்தவர். மெயின்ஃப்ரேமையும் சாதாரணக் கணினியையும் ஒப்பிட்டது தவறு. தவறென்று சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தரப்பிற்கும் உரியதை உரிய அளவில் கொடுத்து, அதன்பின் அஞ்சாது தீர்ப்புக் கூறுவதே நடுநிலை.

அதற்கு நம் முன்னோர் ஒரு நல்ல வழக்கத்தையும் விட்டுச் சென்றுள்ளனர். வாதத்தில் முதலில் பூர்வபட்சம் கூற வேண்டும். அதாவது எதிர்த்தரப்பின் கொள்கையை, அவரே "ஆம், இதுதான் என் கருத்து" என்று ஒப்பும் வகையில் எடுத்துரைத்த பின்னரே மறுப்புத் தொடங்க வேண்டும். கணக்கரின் கட்சியை அவர் ஒப்புமாறு நான் எடுத்துரைத்திருந்தால், டேலி பற்றி ஒரு வரியேனும் என் அட்டவணையில் ஏறியிருக்கும்.

மறுபடியும் சோதித்தேன்

பேரனை அழைத்துக்கொண்டு நிலையத்திற்குச் சென்றேன். ஒரே வகையான இரு பழைய கணினிகளை எடுத்து, இரண்டிலும் பழைய வட்டை நீக்கி ஒரே விலையுள்ள எஸ்.எஸ்.டி. பொருத்தி, ஒன்றில் லினக்ஸையும் மற்றொன்றில் விண்டோஸ் 10ஐயும் புதிதாக நிறுவினோம். எவற்றைச் சோதிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிக் கணக்கரிடமும் காட்டிக் கையெழுத்துப் பெற்றேன். லினக்ஸ் 28 வினாடியில் எழுந்தது. விண்டோஸ் 41 வினாடியில் எழுந்தது. நான் பெரிதாக முழங்கிய இரண்டு நிமிட வேறுபாட்டில் பெரும்பங்கு பழைய வட்டின் குற்றமேயன்றி விண்டோஸின் குற்றமன்று. பிள்ளைகளின் பாடம், தமிழ்த் தட்டச்சு, படம் வரைதல் ஆகியவற்றிற்கு லினக்ஸ் முழுதும் போதுமானது. கணக்கு வேலைக்குப் போதுமானதன்று.

அடுத்த கூட்டத்தில் என் முதல் அட்டவணை தவறு என்று எழுந்து நின்று கூறினேன். கணக்கரை நோக்கி, "உங்கள் கேள்விக்கு விடை சொல்லாமல், உங்கள் மனத்துக்கு மதிப்பெண் போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் எழுந்து, "பெரிய வார்த்தை வேண்டாம் டீச்சர். டேலிக்காகவும்தான் கேட்டேன்" என்று நகைத்தார். ஆகவே அவர் உள்நோக்கம் பற்றிய என் ஐயமும் மெய். அவர் வினாவும் மெய். இரண்டும் ஒருசேர மெய்யாக இருக்க முடியும் என்பதைத்தான் நான் மறந்திருந்தேன்.

ஐந்து கணினிகளில் லினக்ஸை நிறுவுவதென்றும், கணக்குக்கு மட்டும் விண்டோஸ் 11 உள்ள புதிய கணினி ஒன்று வாங்குவதென்றும் குழு முடிவு செய்தது. என் முதல் அட்டவணைப்படி நடந்திருந்தால் பணம் சற்றுக் குறைவாகவே செலவாகியிருக்கும். ஆனால் கணக்கு நின்றுபோயிருக்கும். ஒரு நல்ல மனிதர் அவமானத்துடன் வாய்மூடிப் பணிபுரிந்திருப்பார்.

சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் தாம் வணங்கும் பெருமானையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். வெளிப்புறச் சிறப்புகளை மட்டும் கண்டு வணங்கிவிடாமல், நம்பத்தக்க தன்மை எதனால் என்று கேட்ட பின்னரே பணிந்தார். பக்தி அதனால் குறையவில்லை, உறுதியாயிற்று. கடவுளையே சோதிக்கத் துணிந்த மரபில் வந்த நாம், ஒரு கணினியைச் சோதிக்க அஞ்சலாமா? நாம் விரும்பாததைச் சோதிப்பது எளிது. விரும்புவதை அதே அளவுகோலால் சோதிப்பதே நற்காட்சியின் தொடக்கம். அடுத்த முறை நாம் எதையேனும் ஒப்பிட நேரும்போது, எதிரே நிற்பவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினா எழுப்பினால், அவர் ஏன் கேட்கிறார் என்பதை ஆராய்வதற்கு முன், என்ன கேட்கிறார் என்பதைச் செவிமடுப்போமாக.